அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அட்டனிலிருந்து கொஸ்லந்தைக்கு: ஆகஸ்டில் பைக்கில் போகலாமா?

ஜெஜு_அட்டன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் இலங்கை மலைநாட்டுல அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன். இப்ப கொரியாவுல, ஜெஜு தீவுல மீன்பிடி வேலையில இருக்கேன். ஆகஸ்ட்ல லீவுக்கு ஊருக்கு வர்றேன்.

ஜெஜு எரிமலையால உண்டான தீவு. நடுவுல ஹல்லா மலை, ஏறக்குறைய 1,950 மீட்டர். தீவைச் சுத்தி 1132ஆம் இலக்க வீதி ஓடுது. லீவு நாள்ல ஒரு 125 சிசி ஸ்கூட்டர் எடுத்துக்கிட்டு கடலோரமாவே போவேன். ஒரு பக்கம் எரிமலைக் குழம்பு உறைஞ்ச கறுப்புக் கல் கரை. மறுபக்கம் அதே கல்லை சாந்து இல்லாம அடுக்கிக் கட்டின வேலி. கல்லுக்கு இடையில இருக்கிற ஓட்டை வழியா காத்து போயிடுறதால வேலி சாயாதாம். கிழக்கு மூலையில சொங்சான்னு ஒரு குன்று. ஆழமில்லாத கடல்ல எரிமலை வெடிச்சு உண்டானது. அங்க விடியக்காலையில போய் நின்னா திரும்பி வர மனசு வராது.

அந்த வீதியோரத்துல ஹென்யோன்னு சொல்ற பெண்களைப் பார்ப்பேன். எழுபது வயசுலயும் ஒட்சிசன் தாங்கி இல்லாம, மூச்சைப் பிடிச்சுக் கடலுக்குள்ள இறங்கி சிப்பி எடுத்துக்கிட்டு வருவாங்க. அவங்களைப் பார்க்கிறப்ப எல்லாம் அம்மா ஞாபகம்தான். அம்மா கொழுந்தெடுத்து எங்களை ஆளாக்கினவங்க. அவங்க பிறந்தது கொஸ்லந்தைப் பக்கம், கல்யாணம் முடிச்சு வந்தது அட்டன் பக்கம். பிறந்த தோட்டத்துக்குப் போய்ப் பல வருஷமாச்சு. நானும் நம்ம மலையை பஸ் ஜன்னல் வழியாத்தான் பார்த்திருக்கேன். அடுத்தவங்க தீவை இவ்வளவு ஆசையாச் சுத்துற நான் சொந்த ஊர் வீதியில ஓடினதே இல்லைங்கிறது மனசை உறுத்துது.

தம்பிகிட்ட சிடி100 பைக் இருக்கு. அம்மாவை ஏத்திக்கிட்டு அட்டன், தலவாக்கலை, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை, பெரகலை, கொஸ்லந்தைன்னு போக நினைக்கிறேன். மழை எப்படி இருக்கும்? அம்மாவுக்கு அறுபது தாண்டிடுச்சு, பைக் சரிவருமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ஊவாக்காரன்:
வாங்க தம்பி, நல்ல யோசனை. மழையைப் பத்தி நான் சொல்றேன்.

ஆகஸ்ட்னா தென்மேல் பருவக்காத்து நேரம். கினிகத்தேனை, வட்டவளை, அட்டன், தலவாக்கலை எல்லாம் நனைஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும். ஆனா நுவரெலியாவைத் தாண்டி ஹக்கல இறக்கத்துல பாதி வந்ததும் வானம் மாறிடும். வெலிமடையில புழுதி பறக்கும், பத்தனைப் புல் காய்ஞ்சு மஞ்சளா நிக்கும். மேகம் கொண்டுவந்த மழையை எல்லாம் மேற்குச் சரிவுலயே கொட்டிட்டு எங்க பக்கம் வெறும் காத்தா இறங்குது. ஊவாத் தேயிலைக்கு வாசம் கட்டுறது இந்த ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் வறட்சியிலதான். அதனால மழைக்கோட்டு போட்டுக்கிட்டுப் புறப்படுவீங்க, பண்டாரவளைக்கு வரும்போது கழட்டிப் பைக்குள்ள வச்சிருப்பீங்க.

இதே பயணத்தை நவம்பர், டிசம்பர்ல போனா அப்படியே மாறும். அப்ப மழை எங்க பக்கம்.

மட்டுநகர்_ஓட்டம்:
ஊவாக்காரன் சொல்ற காத்தைத்தான் நாங்க கச்சான் எண்டு சொல்லுறம். வெல்லவாயவால மேல ஏறேக்க முகத்தில அடிக்கும். அப்புத்தளையில சின்ன பைக்கைத் தள்ளிப்போடும், கவனம் தம்பி.

கராஜ்_தலவாக்கலை:
தம்பி, நான் இந்த வீதியில ஓடுற பைக்குகளைப் பிரிச்சு மாட்டிச் சாப்பிடுறவன். வழி, மழை எல்லாம் மத்தவங்க சொல்வாங்க. நான் பிரேக்கைப் பத்தி மட்டும் பேசுறேன், ஏன்னா கராஜுக்கு வர்ற உடைஞ்ச பைக்குல ஏத்தத்துல உடைஞ்சதுன்னு ஒண்ணையும் நான் பார்த்ததில்ல. எல்லாம் இறக்கத்துலதான்.

ஏத்தத்துல சிடி100 மெதுவா இழுக்கும், அவ்வளவுதான். நுவரெலியா டவுன் 1,868 மீட்டர் உயரத்துல இருக்கு. அங்க காத்தோட அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறுல ஒரு பங்கு குறைவு. காபரேட்டர் பைக்குக்குக் காத்து குறைஞ்சு பெற்றோல் கூடிப்போகும், இழுவை குறையும், பிளக் கொஞ்சம் கறுக்கும். பயப்பட ஒண்ணுமில்ல. ரெண்டு பேர் ஏறினா நானுஓயா ஏத்தத்துல ரெண்டாவது கியர்தான், பொறுமையா விடுங்க.

இறக்கம் வேற கதை. உங்க பயணத்துல பெரிய இறக்கம் ரெண்டு. ஒண்ணு நுவரெலியாவுல இருந்து ஹக்கல வழியா கெப்பட்டிபொல, வெலிமடை வரைக்கும். அடுத்தது அப்புத்தளையில இருந்து பெரகலை, அங்கிருந்து கொஸ்லந்தை. எந்தக் கியர்ல ஏறுவீங்களோ அந்தக் கியர்லயே இறங்கணும். எஞ்சின் பிடிச்சு வைக்கும், பிரேக் உங்களுக்கு மிச்சமா இருக்கும்.

முன்னும் பின்னும் டிரம் பிரேக்னா உள்ள இருக்கிற பிரேக் சப்பாத்து (ஷூ) தேஞ்சிருக்கான்னு கழட்டிப் பார்க்கச் சொல்லுங்க. டிஸ்க் இருந்தா எண்ணெய் மாத்துங்க. பிரேக் எண்ணெய் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். நீண்ட இறக்கத்துல சூடேறும்போது அந்த ஈரம் கொதிச்சு ஆவியாகும், லீவரை அமுக்கினா ஹேண்டில் வரைக்கும் போகும், பைக் நிக்காது. இறங்கும்போது கருகின வாசம் வந்தா ஓரமா நிப்பாட்டி அதுவா ஆறவிடுங்க. சூட்டுல தண்ணி ஊத்தாதீங்க, டிரம் வெடிச்சிடும்.

கண்டி_ரைடர்:
அண்ணே, நாங்க எல்லாம் ஹக்கல இறக்கத்துல நியூட்ரல்ல விட்டு, ஏன், எஞ்சினையே நிப்பாட்டிட்டு இறங்கியிருக்கோம். 2022ல பெற்றோல் தட்டுப்பாட்டு நேரம் கியூஆர் பாஸ்ல பைக்குக்கு வாரத்துக்கு 4 லீட்டர்தான் குடுத்தாங்க. அந்த நாலு லீட்டர்ல வேலைக்குப் போய் வந்தது இந்த மாதிரி இறங்கித்தான். ஒண்ணும் ஆகல. பெற்றோல் இப்பவும் சும்மா கிடைக்கல.

ரெண்டாவது, அட்டன் வழியைவிட கம்பளை, புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை வழி பார்க்க அழகு. றம்பொடை நீர்வீழ்ச்சி 109 மீட்டர், வீதியில இருந்தே தெரியும்.

கராஜ்_தலவாக்கலை:
தம்பி கண்டி ரைடர், 2022ல பட்ட கஷ்டம் எனக்கும் தெரியும். வரிசையில ராத்திரி முழுக்க நின்ன பைக்குகளை நானும் தள்ளியிருக்கேன். அந்தப் பழக்கம் இன்னும் விடாம இருக்கிறதுதான் என்னோட கவலை, அதனால கொஞ்சம் விளக்கமாச் சொல்றேன்.

சிடி100 மாதிரி காபரேட்டர் பைக்க நியூட்ரல்ல விட்டாலும் எஞ்சின் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும், சும்மா நிக்கும்போது குடிக்கிற பெற்றோலைக் குடிக்கும். கியர்ல விட்டு எக்ஸலேட்டரை மூடினா அதைவிடக் கொஞ்சம் கூடக் குடிக்கலாம். ஹக்கலயில இருந்து வெலிமடைக்கு இறங்குற தூரத்துக்கு அந்த வித்தியாசம் பிளேன்டி குடிக்கிற காசுக்குக்கூட வராது. புது இன்ஜெக்‌ஷன் பைக்குல விஷயம் தலைகீழ். கியர்ல இருந்து எக்ஸலேட்டரை மூடினா பெற்றோலையே நிறுத்திடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுத்தும். நியூட்ரல்ல விட்டாத்தான் அணையாம இருக்கப் பெற்றோல் செலவாகும். அப்ப சேமிக்கிறேன்னு நினைச்சு செலவழிக்கிறோம்.

எஞ்சினை நிப்பாட்டி இறங்குறதை யாரும் செய்யாதீங்க. பழைய பைக்குல ஹெட்லைட் எஞ்சின் சுத்தினாத்தான் எரியும். மூடுபனியில எதிர்ல வர்ற பஸ்காரருக்கு நீங்க இருக்கிறதே தெரியாது. அம்மா பின்னால இருக்கும்போது அந்தப் பாரம் முழுக்க சின்ன டிரம் ரெண்டுலதான் நிக்கும்.

கண்டி_ரைடர்:
இன்ஜெக்‌ஷன் விஷயம் எனக்குப் புதுசு அண்ணே. என்னோடது இன்ஜெக்‌ஷன் பைக்தான். இனிமே கியர்லயே இறங்குறேன். றம்பொடை வழியைப் பத்தின பேச்சுல மட்டும் நான் மாற மாட்டேன்.

புவியியல்_டீச்சர்:
தம்பி ஜெஜுவில் ஓட்டிப் பழகியவர் என்பதால் இரண்டு விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, நிலம். எங்கள் மலைநாட்டை அணைந்த எரிமலை என்று என் வகுப்பிலேயே சில பிள்ளைகள் எழுதுவார்கள். அது தவறு. இங்கே எரிமலை இல்லை. நாம் நிற்பது பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறிய மிகப் பழைய உருமாறிய பாறை. ஜெஜுவில் குழம்பு வழிந்து பரவி உறைந்ததால் கடற்கரையிலிருந்து நடுமலை வரை நிலம் மெல்ல மெல்ல உயர்கிறது, வீதியும் நேராக ஏறி நேராக இறங்கலாம். இங்கே ஆறுகள் கடினப் பாறையை அறுத்த பள்ளத்தாக்குகளின் விளிம்பைப் பற்றிக்கொண்டே வீதி போகிறது. அதனால்தான் இத்தனை முடக்குகள்.

அப்புத்தளையில் நீங்கள் நிற்கப்போவது மலைநாட்டின் தெற்கு விளிம்பு. அங்கே நிலம் படியாக இறங்காமல் அப்படியே அறுந்து விழுகிறது. ஹோட்டன் சமவெளியின் 'உலக முடிவு' பாறையும் அதே விளிம்பின் பகுதிதான். காலையில் தெளிவாக இருக்கும்போது தெற்கே தாழ்நிலம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். வெயில் ஏற ஏறக் கீழே சூடான காற்று ஈரத்தோடு மேலெழுந்து விளிம்பில் குளிர்ந்து மூடுபனியாகிவிடும். பிற்பகலில் அந்த இறக்கத்தில் முன்னால் போகும் பஸ்ஸின் பின்விளக்கு மட்டுமே தெரியும் நாட்கள் உண்டு. ஆகவே அப்புத்தளையிலிருந்து பெரகலை இறக்கத்தை முற்பகலுக்குள் முடித்துவிடுங்கள்.

இரண்டாவது, கொரியாவில் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், இங்கே இடப்பக்கம். டவுனில் வாகனங்களைப் பார்த்து நீங்கள் சரியாகவே ஓட்டுவீர்கள். ஆபத்து, யாருமே இல்லாத வீதியில், தேநீர் குடித்துவிட்டுப் புறப்படும் நேரத்தில். கை பழக்கமான பக்கத்துக்கு இழுக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த என் உறவினர் ஒருவர் இப்படித்தான் எதிர்ப்பக்கம் ஏறினார், எதிரே வந்த முச்சக்கரவண்டிக்காரர் நிதானமானவர் என்பதால் பிழைத்தார். வந்த முதல் நாட்களில் தோட்டத்து வீதியிலேயே தனியாக ஓட்டிப் பழகிவிட்டு அம்மாவை ஏற்றுங்கள்.

ஜெஜு_அட்டன்:
டீச்சர், நீங்க சொன்ன இடப்பக்க விஷயத்தை நான் யோசிக்கவே இல்ல. ரொம்ப நன்றி. தம்பிகிட்டச் சொல்லி சப்பாத்து மாத்தச் சொல்லிட்டேன். அம்மாகிட்ட போன்ல கேட்டேன். "பைக்குல ஒரு பக்கமா உக்காந்து வர்றேன், சேலைதான் கட்டுவேன்"னு சொல்றாங்க. என்ன செய்யலாம்?

கொழுந்துக்கூடை:
தம்பி, நான் லிந்துலைப் பக்கம். எங்கம்மாவும் கொழுந்தெடுத்தவங்க. நான் அவங்களை பைக்குல கூட்டிக்கிட்டுப் போய் வந்தவ, அதனால உரிமையோட சொல்றேன்.

ஒரு பக்கமா உக்காந்து மட்டும் வர விடாதீங்க. முடக்குல நீங்க சாயும்போது அவங்களால சேர்ந்து சாய முடியாது. திடீர்னு பிரேக் பிடிச்சா பிடிமானமும் இருக்காது. சேலை முந்தானை செயின்லயோ சக்கரத்துலயோ சுத்திக்கிட்டா என்ன ஆகும்னு நான் எழுத விரும்பல. "சேலை வேணாம்"னு மொட்டையாச் சொன்னா கேக்க மாட்டாங்க. மலைக்குப் போகும்போது படங்கு கட்டிக்கிட்டு, மழைக்குக் கொங்காணி போட்டுக்கிட்டுத்தானே இத்தனை வருஷம் ஏறி இறங்கினாங்க. வேலைக்குன்னு ஒரு உடுப்பு இருந்த மாதிரி பைக்குக்குன்னு ஒரு உடுப்புன்னு சொல்லுங்க. சுரிதார் போட்டு ரெண்டு பக்கமும் கால் போட்டு வரட்டும். சேலையைப் பையில வச்சுக் கொண்டுபோங்க, பிறந்த தோட்டத்துக்குள்ள போறதுக்கு முன்னால தெரிஞ்ச வீட்டுல மாத்திக்கட்டும். எங்கம்மா அப்படித்தான் சம்மதிச்சாங்க.

கூடைக் கயித்தை நெத்தியில மாட்டி வருஷக்கணக்கா பாரம் இழுத்த கழுத்து அது. முதுகும் அப்படித்தான். பாரமான ஹெல்மட் வாங்காதீங்க, அளவா, இலேசா, தாடை வார் சரியாப் பூட்டுறதா பாருங்க. அரை மணிக்கு ஒருதரம் இறங்கி நடக்க விடுங்க. ஒரே நாள்ல போகவே வேணாம். பண்டாரவளையில ஒரு ராத்திரி தங்குங்க.

இன்னொண்ணும் சொல்லணும். இது உங்களுக்கு மட்டுமில்ல, இந்தக் குழுவுல இருக்கிற எல்லா ரைடருக்கும். தேயிலை மலையில பொம்பளைங்க வேலை செய்யும்போது வீதியில பைக்கை நிப்பாட்டிட்டு, கேக்காம, கேமராவை நீட்டிப் படம் எடுக்குறாங்க. வெளிநாட்டுக்காரங்க மட்டுமில்ல, நம்ம பிள்ளைங்களும் செய்யுறாங்க. அட்டை கடிச்ச காலோட, நனைஞ்ச உடுப்போட, அன்னைக்குக் கிலோ சேருமான்னு கவலையோட நிக்கிறவங்க அவங்க. உங்க படத்துக்கு அழகு சேர்க்க வந்தவங்க இல்ல. பார்த்தா இறங்கி "என்னக்கா, கொழுந்து எப்படி?"ன்னு கேளுங்க. பேசின பிறகு அவங்களே "படம் எடு"ன்னு சொன்னா எடுங்க. வேணாம்னா போயிடுங்க. அந்தப் படத்துல இருக்கிறது யாரோ ஒருத்தரோட அம்மா.

கண்டி_ரைடர்:
அக்கா, நீங்க சொன்னதை எங்க ரைடர் குழுவுலயும் போடலாமா? பெயர் போடாம.

கொழுந்துக்கூடை:
தாராளமாப் போடுங்க தம்பி. பெயரோடவே போட்டாலும் சரி.

ஊவாக்காரன்:
அக்கா சொன்ன மாதிரி ரெண்டு நாளா பிரிக்கிறதுதான் சரி. இப்படிப் பாருங்க.

முதல் நாள் அட்டன்ல வெள்ளனப் புறப்பட்டு கொட்டகலை தாண்டினா இடப்பக்கம் டெவோன் நீர்வீழ்ச்சி, 97 மீட்டர். வீதியோரத்துலயே நின்னு பார்க்க இடம் இருக்கு. கொஞ்சம் தள்ளி சென்கிளேயர், 80 மீட்டர். மேல் கொத்மலை மின்திட்டம் 2012ல வேலை செய்யத் தொடங்கினதுல இருந்து தண்ணியைத் திருப்பிட்டதால அது மெலிஞ்சு போச்சு. அம்மாவுக்குப் பழைய சென்கிளேயர் ஞாபகம் இருக்கும், கேட்டுப்பாருங்க.

தலவாக்கலையில இருந்து ஏறும்போது ரதல்ல குறுக்கு வீதியில போகச் சொல்லி யாராவது சொல்வாங்க. வேணாம், பிரதான வீதியிலயே போங்க. 2023 ஜனவரி 20ல பாடசாலைப் பிள்ளைகள் வந்த பஸ் அந்தக் குறுக்கு வீதி இறக்கத்துல வேனோடயும் முச்சக்கரவண்டியோடயும் மோதி 7 பேர் செத்தாங்க. பஸ்ல வந்தவங்க இல்ல, எதிர்ல வந்தவங்க. நீங்க கவனமா ஏறினாலும் மேல இருந்து பிரேக் இல்லாம வர்றவனை என்ன செய்யலாம்?

நுவரெலியாவுல பெற்றோல் நிரப்பிடுங்க. சீதாஎலியா அம்மன் கோவில் வீதியோரம்தான், அம்மா கும்பிட்டுக்கட்டும், அந்தச் சாக்குல முதுகுக்கும் ஓய்வு. கெப்பட்டிபொலயில மரக்கறி லொறிகள் நிறைய. பாரத்தோட வர்ற லொறிக்குப் பின்னால ஒட்டிப் போகாதீங்க, முன்னால வெட்டியும் போகாதீங்க.

ரெண்டாம் நாள் காலையில பண்டாரவளையில இருந்து அப்புத்தளை, பெரகலை, கொஸ்லந்தை. ஏறி வர்ற வாகனத்துக்கு எப்பவும் வழி விடுங்க. முடக்குல ஹோர்ன் அடிங்க. அப்புத்தளையில இருந்து தம்பேதன்னைத் தோட்டத்துப் பக்கம் ஏறினா லிப்டன் உக்காந்து பார்த்ததாச் சொல்ற இடம் இருக்கு. ரெண்டு பேரோட சிடி100ல அந்த ஒடுக்கமான வீதி வேணாம், அங்க போறதுன்னா முச்சக்கரவண்டி பிடிங்க.

2025 நவம்பர் கடைசியில தித்வா புயல் அடிச்சதுல மலைநாட்டு வீதிகள் பல இடத்துல இடிஞ்சதை மறந்துடாதீங்க. திருத்தின இடத்துலயும் விளிம்பு உறுதியா இருக்கும்னு நம்பக் கூடாது. உங்க பக்கத்துலயே போங்க, ஆனா விளிம்பை ஒட்டிப் போகாதீங்க.

கொஸ்லந்தை_மகன்:
அண்ணே, இவ்வளவு நேரம் படிச்சுக்கிட்டு இருந்தேன். நான் எங்க ஊர்ப் பேச்சை மட்டும் சொல்றேன்.

பெரகலையில இருந்து வர்ற வழியில மீரியபெத்தை இருக்கு. 2014 அக்டோபர் 29 காலையில மலை இறங்கி வந்து லயத்து வீடுகளை மூடினது. உங்கம்மா அந்தப் பக்கத்துல பிறந்தவங்கன்னா அவங்களுக்குத் தெரிஞ்ச குடும்பங்களும் அதுல இருந்திருக்கலாம். அந்த இடத்தை அவங்களுக்குக் காட்டணுமா வேணாமான்னு நீங்க முடிவெடுக்காதீங்க, அவங்ககிட்டயே கேளுங்க. எங்க ஊர்ல இன்னும் சிலர் அந்த வளைவுல பஸ் திரும்பும்போது மறுபக்கம் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. சிலர் வருஷா வருஷம் போய் விளக்கேத்துவாங்க. ரெண்டும் சரிதான். பைக்குல வர்ற சிலர் அங்க நின்னு செல்பி எடுக்குறாங்க, அதைப் பார்க்கும்போது வயிறு எரியுது.

மழை விஷயத்துல எங்க மண்ணை நம்பாதீங்க. ஆகஸ்ட்ல இங்க பெரும்பாலும் வறட்சிதான், ஆனாலும் புறப்பட முன்னால தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தோட மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்க. மஞ்சள்னா கவனம், செம்மஞ்சள்னா தயாரா இருக்கணும், சிவப்புன்னா வெளியேறணும். மஞ்சள் இருந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்க. வீதியில கலங்கின தண்ணி புதுசா வழிஞ்சாலோ, மரம், தந்திக் கம்பம் சரிஞ்சு நின்னாலோ அங்க நின்னு பார்க்காதீங்க, வந்த வழியே திரும்புங்க.

கொஸ்லந்தையைத் தாண்டி வெல்லவாயப் பக்கம் கொஞ்சம் போனா தியலுமை நீர்வீழ்ச்சி, 220 மீட்டர், வீதியில இருந்தே அண்ணாந்து பார்க்கலாம். ஆகஸ்ட்ல தண்ணி குறைவாத்தான் இருக்கும். அம்மா சின்ன வயசுல கட்டாயம் பார்த்திருப்பாங்க. ஊருக்கு வந்தா தேத்தண்ணி நம்ம வீட்டுல.

ஜெஜு_அட்டன்:
கொஸ்லந்தைத் தம்பி, அம்மாகிட்ட நீங்க எழுதினதை அப்படியே வாசிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசல. பிறகு, "அந்த இடத்துல நிப்பாட்டு, நான் இறங்கணும்"னு சொன்னாங்க. சுரிதாருக்கும் சம்மதிச்சிட்டாங்க, கொழுந்துக்கூடை அக்காவுக்கு நன்றி. என் தம்பி இன்னொரு பைக்குல பின்னால வர்றான், பை எல்லாம் அதுல. அப்படியானா எங்க பைக்குல பாரம் குறையும்.

கராஜ்_தலவாக்கலை:
நல்ல முடிவு. போற வழியில தலவாக்கலையில என் கராஜுக்கு வந்துட்டுப் போங்க. டயர் காத்து, செயின் இழுவை, பிரேக் மூணும் பார்த்துத் தர்றேன், சல்லி வேணாம். ரெண்டு பேர் ஏறும்போது பின் டயருக்குக் காத்துக் கூட்டணும், பலர் தனியா ஓட்டும்போது வச்ச காத்தோடயே ஏத்திக்கிட்டுப் போறாங்க. செயின் மூடியும் சேலைக் கம்பியும் இருக்கான்னு தம்பியைப் பார்க்கச் சொல்லுங்க.

ஜெஜு_அட்டன்:
போய் வந்துட்டோம். காத்திருந்தவங்களுக்காக எழுதுறேன்.

அட்டன்ல இருந்து நானுஓயா வரைக்கும் விடாத தூறல். டெவோன் மூடுபனிக்குள்ள சத்தமாத்தான் கேட்டுச்சு, கண்ணுக்குத் தெரியல. கராஜ் அண்ணே பின் பிரேக்கை இறுக்கி, செயினைச் சரிசெஞ்சு, அம்மாவுக்குப் பிளேன்டியும் குடுத்து அனுப்பினாரு. ஹக்கல இறக்கத்தை முழுக்க ரெண்டாவது, மூணாவது கியர்ல இறங்கினேன். கருகின வாசம் வரவே இல்ல. ஊவாக்காரன் அண்ணே சொன்ன மாதிரியே வெலிமடைக்கு முன்னால மழைக்கோட்டைக் கழட்டிட்டோம்.

அப்புத்தளையில காலையில நின்னப்ப கீழ தாழ்நிலம் முழுக்கத் தெரிஞ்சுது. ஜெஜுவுல கடலைப் பார்த்து நிக்கும்போது இருக்கிற அகலம் இங்க நிலத்துலயே இருக்கு. காத்து பைக்கை ஆட்டுச்சு, அம்மா என் இடுப்பை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு "மெதுவா, மெதுவா"ன்னு சொல்லிக்கிட்டே வந்தாங்க, ஆனா நிப்பாட்டச் சொல்லல.

மீரியபெத்தையில இறங்கினோம். அதைப் பத்தி நான் எழுதல.

அம்மா பிறந்த லயத்துல இப்ப வேற குடும்பங்கள். கூரை மாறியிருக்கு, தண்ணிப் பீலி மட்டும் அதே இடத்துல. அம்மாவோட சேர்ந்து பள்ளிக்கூடம் போன ஒரு பாட்டி அம்மாவோட குரலைக் கேட்டே பெயரைச் சொல்லிட்டாங்க. அன்னைக்கு முழுக்க ரெண்டு பேரும் பேசினாங்க. திரும்பும்போது அம்மாவுக்கு முதுகு வலிச்சுது, அதனால பண்டாரவளை வரைக்கும் பஸ்ல ஏத்திட்டு நாங்க பின்னால வந்தோம். யாராவது பெற்றவங்களைக் கூட்டிக்கிட்டுப் போறதா இருந்தா திரும்புற வழிக்கு பஸ்ஸை முன்னாலயே யோசிச்சு வச்சுக்கங்க.

கொழுந்துக்கூடை:
வாசிச்சு முடிச்சதும் எங்கம்மாவுக்கும் சொன்னேன் தம்பி. சேலையை எங்க வச்சு மாத்தினாங்க?

ஜெஜு_அட்டன்:
கொஸ்லந்தைத் தம்பி வீட்டுல அக்கா. அவரோட அம்மாதான் மடிப்பு எடுத்துவிட்டாங்க.

டியோ_பதுளை:
அண்ணாமாரே, இந்த இழையை முழுக்க வாசிச்சேன். நான் பதுளையில இருந்து தோழியோட ஸ்கூட்டர்ல எல்ல போய், அங்கிருந்து வெல்லவாயவுக்கு இறங்கணும்னு இருக்கேன். ஸ்கூட்டர்ல கியர் இல்லையே, கராஜ் அண்ணே சொன்ன மாதிரி எஞ்சினால பிடிக்க வைக்க முடியுமா? அந்த இறக்கத்துல 2025 செப்டம்பர்ல பஸ் பள்ளத்துல விழுந்து 15 பேர் செத்ததுல இருந்து வீட்டுல பயப்படுறாங்க.

கராஜ்_தலவாக்கலை:
வீட்டுல பயப்படுறது நியாயம்தான் தங்கச்சி. அதனால முறையாச் செய்வோம்.

ஸ்கூட்டர்ல பெல்ட்டும் தானா விலகுற கிளச்சும்தான். எக்ஸலேட்டரை முழுசா மூடி வேகம் ரொம்பக் குறைஞ்சா கிளச் விலகிடும், அப்ப எஞ்சின் உங்களைப் பிடிக்காது, வண்டி நியூட்ரல்ல போற மாதிரித்தான். வேகம் கூடுறதை உணர்ந்தா பிரேக்கால குறைச்சுட்டு, எக்ஸலேட்டரை மயிரிழை அளவு திறந்து மூடுங்க. கிளச் ஒட்டிக்கும், கொஞ்சம் பிடிப்பு கிடைக்கும். கியர் பைக் அளவுக்கு வராது. அதனால பிரேக்கை நீளமா அமுக்கிக்கிட்டே இறங்காதீங்க. நல்லா அமுக்கி வேகத்தைக் குறைச்சு, விட்டு, ஆறவிட்டு, மறுபடி அமுக்குங்க. முன்னும் பின்னும் ரெண்டையும் சேர்த்துப் பாவிங்க.

இராவணன் நீர்வீழ்ச்சி இருக்கிற முடக்குல எப்பவும் பஸ், வேன், ஆளுங்க, குரங்கு எல்லாம் கலந்து நிக்கும். நீர்வீழ்ச்சியைப் பார்க்கிற ஆசையில முடக்குலயே நிப்பாட்டாதீங்க, தாண்டிப் போய் அகலமான இடத்துல விட்டுட்டு நடந்து வாங்க. அங்கேயே பிரேக்கும் ஆறிடும். கனமான தோழின்னா ரெண்டு ஸ்கூட்டர்ல போங்க. புறப்பட முன்னால பிரேக் எண்ணெய் எப்ப மாத்தினதுன்னு பாருங்க, ரெண்டு வருஷம் தாண்டியிருந்தா பதுளையிலயே மாத்திட்டு இறங்குங்க.

டியோ_பதுளை:
நாளைக்கே எண்ணெய் மாத்துறேன் அண்ணே. தோழியும் அவவோட ஸ்கூட்டரைக் கொண்டு வர்றா.